பலாமரத்தில் தொங்கிய கூடு

மீன் ஏறத் தொடங்கி இரண்டு நாளாகிவிட்டது. கல்லாற்றில் இன்னும் ஒரு மீன்கூடு விழவில்லை. கரையில் போய் நின்றால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். செம்மண் தண்ணீரில் முழங்கை நீளக் கெண்டைகள் கல்லில் மோதி விழுந்து, மறுபடி பாய்ந்து மேலே போகின்றன. பதினோரு வீட்டு ஆண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம். இப்படி ஒரு கூத்தை என் ஐம்பத்திரண்டு வயதில் பார்த்ததில்லை.

நான் பதுளையில் தையல் கடை வைத்திருப்பவன். பிறந்தது நமுனுகுல மலைக்குக் கீழே இந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில். தோட்டத்தை விட்டு இருபது வருஷமானாலும் ஐப்பசியில் மலைப்பக்கம் இடி இறங்கினால் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. தைக்கக் கொடுத்தவர்கள் ஏசினால் ஏசட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் பசறை பஸ்ஸில் ஏறி லயத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் வீட்டுக் கூட்டை வைப்பது நான்தான். "ஒங்களுக்கு மீன் கிறுக்கு" என்பாள் பெண்டாட்டி. கொண்டுபோய்க் கொடுத்தால் முள்ளைக்கூட விடாமல் தின்பவளும் அவள்தான்.

முதல் மழையில் ஆறு கலங்கியதும் கீழே பதுளு ஓயா ஆற்றிலிருந்து கெண்டை முட்டை போட மேலே ஏறும். ஐந்து நாள், மிஞ்சினால் ஆறு நாள். ஆற்றுக்குக் குறுக்கே எங்கள் முன்னோர் அடுக்கி வைத்த கல் அணை இருக்கிறது. அதில் வீட்டுக்கு ஒரு வாய். அந்த வாயில் அவரவர் மூங்கில் கூட்டை வைப்பார்கள். ஏறுகிற மீன் முடிந்தபிறகு இறங்குகிற மீனுக்காகக் கார்த்திகை வரைக்கும் கூடு தண்ணீரில் கிடக்கும். கார்த்திகை விளக்குக்கு முன்னால் அதைத் தூக்கிக் கரை மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிறகு கல்லைப் பிரித்து வாயைத் திறந்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியாகக் கூட்டுக்குள் மானாப் புல்லைத் திணித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு அடுப்பில் மீன் குழம்பு கொதிக்க வேண்டும். விளக்குக்கு முன்னால் தூக்காதவனை லயத்தில் ஆம்பிளை என்று ஒருவரும் மதிக்கமாட்டார்கள். இன்னொரு வீட்டுக் கூட்டைத் தொடுகிறவனை அதற்கும் கீழே வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. வருஷத்துக்குள் சாவு விழுந்த வீடு இருந்தால், அந்த வீட்டுக் கூடுதான் முதலில் ஆற்றில் இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இந்த வருஷம் முட்டிக்கொண்டு நின்றது அங்கேதான். ஜெயராசா வீட்டில் சாவு விழுந்ததா இல்லையா என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஜெயராசா தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எனக்கு மச்சான் முறை. அவர் மனைவி விஜயலெட்சுமி, எனக்குத் தங்கச்சி முறை, கொழுந்து எடுக்கிறவள். போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் லயத்துக்குக் கீழே மலை சரிந்தது. சரிந்த அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. "எங்கயாவது போய்த் தொலை" என்று மச்சான் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. பிறகு அவர் பசறைக்குப் போய்விட்டார். சண்டைக்கு அப்புறம் விஜயலெட்சுமி நீலப் பையோடு கடைப்பக்கம் போனாள். பகலில் திரும்பி வந்தவள் வீட்டுக்குள் நுழையாமல் கீழ்ப் பாதையில் இறங்கியதைப் பக்கத்து வீட்டு பூவம்மாக்கா பார்த்தாள். அந்தப் பாதை கொஞ்ச தூரம் போய் இரண்டாகப் பிரியும். ஒன்று பஸ் நிற்கிற இடத்துக்கு, ஒன்று ஆற்றுக்கு. ஒரு மணி நேரம் கழித்து மலை வந்து இரண்டு பாதையையும் மூடிவிட்டது.

அவள் எந்தப் பாதையில் போனாள்? ஆற்றுப் பாதை என்றால் மண்ணுக்குள் போனாள். பஸ் பாதை என்றால் வவுனியாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். தகரப் பெட்டியில் அவளுடைய அடையாள அட்டை இல்லை. அட்டையை எடுத்தாள் என்றால் தூரப் பயணம்தானே? ஆனால் அக்காக்காரி வரவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். அப்போது ஜெயராசா பொலிசுக்கும் மண் தோண்ட வந்த ஆமிக்காரச் சிப்பாய்களுக்கும் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான். "கூட்டை முந்தின நாளே நான் தூக்கிட்டேன். ஆத்துக்குப் போக அவளுக்கு ஒரு வேலையுமில்ல." அதனால் அவர் கை காட்டிய ரோட்டுப் பக்கத்தில் நாலு நாள் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லதா கெட்டதா என்றுகூட எங்களுக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பொறுக்கமுடியாமல் நானே அவர் வீட்டுக்குப் போனேன். மகள் துவாரகா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கொழும்பில் புடவைக் கடையில் வேலை பார்த்த பிள்ளை, மலை சரிந்த அன்று ஓடி வந்தவள் திரும்பிப் போகவில்லை.

"வாங்க மாமா. பிளேன்டீ ஊத்தவா?"

"ஊத்தும்மா. அப்பா எங்க?"

"பின்னால மூங்கி சீவுறாரு. புதுசா கூடு கட்டப் போறாராம்."

"பழைய கூடு என்னாச்சு?"

"கேட்டா எரிஞ்சு விழுறாரு."

கட்டச் சம்பலும் ரொட்டியும் வைத்தாள். சம்பலில் உறைப்பு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் பிள்ளையாரும் முருகனும் இருந்தார்கள், விஜயலெட்சுமியின் படம் இல்லை. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"படத்த பெருசாக்கி எடுத்துட்டு வந்தேன் மாமா. மாட்ட விடமாட்டேங்கிறாரு. உசுரோட இருக்கிறவளுக்கு வெளக்கு வைக்கிறியான்னு கேக்குறாரு. பெட்டிக்குள்ளயே கெடக்குது."

"நீ என்னம்மா நெனைக்கிற?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மாமா. செத்துட்டாங்கன்னு நெனைச்சு அழுதா, எங்கயோ இருந்து வந்து நின்னுருவாங்களோன்னு பயமா இருக்கு. உசுரோட இருக்காங்கன்னு நெனைச்சா ஆத்திரமா வருது. அப்பாவோட சண்ட, சரி. நான் என்னா பண்ணினேன்? எனக்கு ஒரு போன் எடுக்கக்கூடவா மனசு வரல?" ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, இருவருமே கவனிக்கவில்லை.

ஜெயராசா கத்தியோடு உள்ளே வந்தார். ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

"என்னா மச்சான், நீயும் கூடு வைக்கச் சொல்லத்தான் வந்தியா?"

"வைக்கச் சொல்லல. என்னமோ ஒண்ண முடிவாச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன். சனம் காத்துக்கிட்டு நிக்குது. மீனு காத்துக்கிட்டு நிக்காது."

"எல்லாரும் வைங்க. என் வீட்டுல சாவு விழல. பெறகு என்னா தடை?"

"நீங்க சொல்றீங்க. சனம் நம்பமாட்டேங்குதே."

"தாலி கட்டினவன் நான் சொல்றேன், அவ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. நான் மொத கூட்ட வச்சா என்னா அர்த்தம்? பொண்டாட்டிய நானே கொன்னு புதைச்ச மாதிரி ஆகாதா?"

அவர் சொல்வதைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம், வெளியே போய் சனத்தைக் கேட்டால் சனத்தின் பக்கம் நியாயம். மனதுக்குள் என் கூட்டை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பூவம்மாக்கா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கூடினோம். ஜெயராசாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். மலைப்பக்கம் கருக்கத் தொடங்கியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கிரிஷாந்தன் கைப்பேசியை நீட்டினான்.

"இங்க பாருங்க. கனடாவோ எங்கயோ. சமன் மீனு, சால்மன்னு சொல்றாங்களே அது. கடல்லருந்து ஆத்துல ஏறுது. இதுக்குன்னே சீசன் இருக்காம். லைசன் எடுத்துத்தான் புடிக்கணுமாம்."

பூவம்மாக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "டின்னுக்குள்ள துண்டு துண்டாக் கெடக்குமே, அதுவாடா இது? அடி ஆத்தே! இம்புட்டு ஒசரம் பாயுது!"

"நம்ம டின்னுல கெடக்குறது வேற மீனுன்னும் சொல்றாங்க பெரியம்மா."

"எதுவோ ஒண்ணு. கொழம்புல போட்டா சமன்தான்."

எல்லோரும் சிரித்தோம். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. கிரிஷாந்தன் விடவில்லை. "இன்னொண்ணு கேளுங்க. எங்க பொறந்துச்சோ அதே எடத்துக்குத்தான் திரும்ப வருமாம். எத்தன வருசமானாலும் தண்ணி மணத்த வச்சே வழி கண்டுபுடிக்குமாம்."

"அப்படிச் சொல்லு," என்றார் ஜெயராசா. "மீனுக்கே வழி தெரியுது. மனுசிக்குத் தெரியாதா? கோவம் தணிஞ்சா வருவா."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பூவம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவளும் விஜயலெட்சுமியும் பதினெட்டு வருஷம் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள்.

"ஏய்யா ஜெயராசா, ஒரு வருசம் தணியாத கோவம் என்னய்யா கோவம்? அவ அப்படிப்பட்டவளா? நீ குடிச்சிட்டு வந்து விழுந்து கெடந்தப்ப எல்லாம் கால் கழுவி விட்டவய்யா அவ. அவளுக்கு ஒரு காரியமும் பண்ணாம, ஒரு வெளக்கும் வைக்காம விட்டுருக்கியே, அவ எங்க அலையிறாளோ!"

"அக்கா, வாய அடக்குங்க."

"அடக்கமாட்டேன்."

"சரி, ஒங்க பேச்சுக்கே வாறேன். செத்துட்டான்னா எங்க செத்தா? ரோட்டுப் பக்கம் இல்ல. ஆத்துப் பக்கம் அவளுக்கு என்னா வேல?"

கிரிஷாந்தன் நடுவில் புகுந்தான், பாவம், சமாதானம் பண்ணத்தான். "விடுங்க மாமா. புதுக் கூடெல்லாம் எதுக்குக் கட்டி மெனக்கெடுறீங்க? ஒங்க பழைய கூடே நல்லாத்தான் இருக்கு. பலாமரத்துல தொங்குதே."

ஜெயராசா தலையைத் தூக்கினார்.

"என்னா தொங்குது?"

"ஒங்க கூடு மாமா. செவப்பு வயரு சுத்தின கூடு. சரிவுக்கு மேல தப்பி நிக்குதே அந்தப் பலாமரம், அதுலதான். தை மாசம் வெறகுக்குப் போனப்பவே பாத்தேன்."

"அது வெள்ளத்துல போயிருச்சு," என்றார் ஜெயராசா.

"எப்படிப் போகும்? நீங்கதானே முந்தின நாளே தூக்கிட்டேன்னு சொன்னீங்க? தூக்கிக் கட்டின கூடு எப்படி வெள்ளத்துல போகும்?"

ஜெயராசா எழுந்தார், கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டார், பிறகு செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கி ஓடினார். என்ன ஏது என்று புரியாமல் துவாரகா பின்னால் ஓடினாள். நாங்களும் ஓடினோம்.

பழைய பாதை மண்ணோடு போய்விட்டதால் தேயிலைக்குள் சுற்றித்தான் போக வேண்டும். சரிவு முழுக்க ஒரு வருஷத்துப் புல் மூடிக்கிடந்தது. பலாமரம் அதன் விளிம்பில் பாதி வேர் வெளியே தெரிய நின்றது. அடியில் இருந்த மண் சரிந்துபோனதால் இப்போது ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, இலைக்குள், கூடு தொங்கியது. கறுத்துப் போயிருந்தாலும் சிவப்பு வயர் தெரிந்தது. கூட்டின் வாயில் புல் இல்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றுகிற படங்குச் சீலையை அதன்மேல் போர்த்திக் கயிற்றால் இறுக்கியிருந்தது.

நாங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தவர்கள்தான். கண்ணில் பட்டிருக்கும். ஜெயராசா தூக்கிக் கட்டியது, தொங்குகிறது, அடுத்தவன் கூடு நமக்கு எதற்கு என்று போயிருப்போம். தொடக்கூடாது என்ற சட்டத்தை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறோம்.

"ஏறிக் கழட்டுடா," என்றேன் கிரிஷாந்தனிடம்.

"அவங்க வீட்டுக் கூடு மாமா. நான் எப்படி?"

ஜெயராசா மரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். துவாரகா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். கொழும்பில் புடவை மடித்த பிள்ளை மளமளவென்று ஏறினாள். கயிற்றை அவிழ்த்துக் கூட்டை மெதுவாக இறக்கினாள். தகப்பன் மடியில்தான் வந்து இறங்கியது. இறங்கி வந்து படங்கை அவளே பிரித்தாள்.

உள்ளே நீலப் பை. பாசி பிடித்திருந்தது, நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. துவாரகா ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தாள். விஜயலெட்சுமியின் அடையாள அட்டை. பொலித்தீனுக்குள் மடித்த இரண்டு தாள்கள், அந்த அட்டைக்கு எடுத்த போட்டோக் கொப்பி. கிராம சேவகர் அந்தக் கிழமை எல்லா வீட்டிலும் கேட்டிருந்தார், எங்கள் அண்ணன்கூடக் கொடுத்தான். ஒரு காகிதச் சரையில், மீன் குழம்புக்குப் போடுகிற கொரக்காய்ப் புளி, காய்ந்துபோய். கடைசியாக ஒரு சமன் டின்.

பூவம்மாக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி மகளே! கொழம்பு வைக்கவாடி வாங்கின? கூடு தூக்கின அன்னைக்கு மீன் கொழம்பு வைக்கணும்னு வாங்கினியாடி?"

எல்லாம் எங்களுக்கு விளங்கியது. போட்டோக் கொப்பி எடுத்து, டின் வாங்கி, வருகிற வழியில் நேரே ஆற்றுக்கு இறங்கியிருக்கிறாள். கூட்டைத் தூக்கிக் கட்டிவிட்டாள். பை நனையாமல் இருக்க அதற்குள்ளேயே வைத்து, மழைக்குச் சுற்றியிருந்த தன் படங்கைக் கழற்றி மூடியிருக்கிறாள். கல்லைப் பிரித்து வாயைத் திறந்துவிடக் கீழே இறங்கியிருக்கிறாள். திரும்ப வந்து பையை எடுத்துக்கொண்டு, புல்லை அடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டப் போகிறவள். புல் அடைக்க அவள் வரவில்லை.

"நான் கூடு தூக்கல," என்றார் ஜெயராசா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நாளைக்கு வெளக்கு, இன்னும் கூடு தண்ணியில கெடக்குது, ஊரு சிரிக்கும்னு காலையில அவ சொன்னா. அதுக்குத்தான் சண்ட. ராத்திரி குடிச்ச மப்பு. தொலைன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். வந்து பார்த்தா மலை கெடக்குது. பொலிசு கேட்டாங்க, ஆத்துக்குப் போயிருப்பாளான்னு. சுத்தி நீங்க எல்லாரும் நிக்கிறீங்க. வெளக்குக்கு முந்தி கூடு தூக்காதவன்னு எப்படிச் சொல்றது? தூக்கிட்டேன்னு வாயில வந்துருச்சு."

"நாலு நாளு ரோட்டுப் பக்கம் தோண்டினாங்களேப்பா." துவாரகாவின் குரல் கிறீச்சிட்டது. "அம்மா இங்க கெடந்திருக்காங்க. நாலு நாளும் நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்களே!"

"ஆமா."

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. பஸ்ஸுல போயிருப்பான்னு நெனைச்சேன். அட்டையும் இல்லியா, அப்படித்தான்னு புடிச்சிக்கிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போனா நான் கெட்ட புருசன், அவ்வளவுதானே. ஆத்துக்குப் போயிருந்தா..." அதற்குமேல் அவரால் முடியவில்லை. கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அந்த ஒரு வருஷத்தில் அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, அணைக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன். துவாரகா அட்டையைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"மாமா," என்றாள் என்னிடம், "ஒரு வருசமா அம்மாவ ஏசிக்கிட்டே இருந்தேன் மாமா. என்னைய வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. அவங்க எங்கயும் போகல. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காங்க." அழுகையும் ஆறுதலும் ஒன்றாக அந்தப் பிள்ளை முகத்தில் வந்ததைப் பார்க்க முடியாமல் நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மழை பிடித்தது. சோவென்ற மழை. ஜெயராசா எழுந்தார். கூட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். கிரிஷாந்தன் கை கொடுக்கப் போனான், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தன் வாயைத் தேடினார். அந்த ஒரு வாயில் மட்டும் கல் பாதி பிரிந்து கிடந்தது, மேலே இருந்த நாலைந்து கல்லை எடுத்து ஒழுங்காக ஓரத்தில் அடுக்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் கற்களையே எடுத்துக் கூட்டை இறுக்கி வைத்தார்.

"வச்சாச்சு," என்று கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "வைங்கப்பா எல்லாரும்."

லயத்துக்கு ஓடிப்போய் அவரவர் கூட்டோடு வந்து இறங்கினோம். நானும்தான். மழையில் நின்றுகொண்டு கூடு வைத்தபோது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. என் கூட்டில் முதலில் விழுந்தது முட்டை நிறைந்த மீன். முட்டை மீனை அணைக்கு மேலே தூக்கிவிடுவது வழக்கம், விட்டேன். வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கக் கெண்டை பொரியும் மணம். ஜெயராசா கூட்டில் விழுந்த இரண்டு மீனையும் பூவம்மாக்காவிடம் கொடுத்துவிட்டார். தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் சமன் டின்னோடு உட்கார்ந்திருந்தார்.

"அதப் போயி ஆக்குறதா? ஒரு வருசம் மரத்துல கெடந்ததுய்யா," என்றாள் பூவம்மாக்கா.

அவர் டின்னின் அடியைச் சட்டையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துருவுக்கு நடுவே எண்கள் தெரிந்தன.

"தேதி இருக்கு அக்கா. இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு. கெடாததாப் பாத்துத்தான் வாங்கியிருக்கா."

துவாரகா வாங்கிப் போய் வெங்காயம் வதக்கி, புதுக் கொரக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். கொதித்து இறங்கியதும் தகப்பனுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். ஜெயராசா தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பெறகு. மொதல்ல அந்தப் படத்த எடுத்து மாட்டு. ஒரு எல அறுத்துட்டு வந்து அம்மாவுக்குப் போடு."